கடைசிப் பக்கத்துப் பெயர்

என் அக்காவைக் கட்டிய அத்தான் ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். கதை, கவிதை ஒன்றும் அதில் இருக்காது. கொப்பரை, கருப்பட்டி, நல்லமிளகு, நெல், புளி, கருவாடு இவற்றின் விலை. கொழும்பில் தேங்காயெண்ணெய் என்ன போகிறது, குளச்சலுக்கு எந்தக் கப்பல் வருகிறது, எந்தக் கம்பெனி மூடியது, எந்த பேங்கு திறந்தது என்ற சேதிகள். அவ்வளவுதான். நாகர்கோவிலில் அச்சாகி சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறி ஊர் ஊராகப் போகும். திருவிதாங்கூரின் தெற்குப் பக்கத்தில் அதைப் பார்க்காமல் எந்த வியாபாரியும் தராசைத் தொடமாட்டான் என்று ஒரு காலம் இருந்தது.

அத்தான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவருடைய அப்பாவுக்கு இரணியல் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு உண்டு. அந்தக் கொப்பரையைக் கோட்டார் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். ஆலப்புழையில் விலை ஏறியிருக்கும். அதைச் சொல்லும் தந்தி தரகரின் மடியில் இருக்கும். தரகர் போன வார விலைக்கு வாங்கிவிட்டு, "இதுவே கூடுதல்" என்பார். இப்படி அப்பா ஏமாந்ததை அத்தான் கூட நின்று பார்த்திருக்கிறார். அப்பா இறந்த பிறகு, வாத்தியார் வேலையை விட்டு, தோப்பை விற்று, திருநெல்வேலியிலிருந்து காலால் மிதித்து ஓட்டும் பழைய அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கினார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். தோப்பை ஏன் முழுவதும் விற்றாய் என்று கேட்டவர்களிடம், "விலையை எழுதுறவன்கிட்ட விக்கதுக்குச் சரக்கு இருக்கப்பிடாது" என்றார்.

எனக்குக் கல்யாணம் அமையவில்லை. மெட்ரிக்குலேஷன் முடித்து அக்கா வீட்டோடு இருந்தேன். மதராஸிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வரும் இங்கிலீஷ் பத்திரிகைகளையும் தந்திகளையும் தமிழாக்குவது என் வேலை. அக்கா விலைப் பட்டியலைப் பார்த்தாள். எடை ஓர் ஊரில் கண்டிக் கணக்கு, இன்னோர் ஊரில் துலாம். ஆலப்புழையில் திருவிதாங்கூர் சர்க்கார் ரூபாய், தூத்துக்குடியில் பிரிட்டிஷ் ரூபாய். எல்லாவற்றையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்து அச்சுக்கோப்பவரிடம் கொடுப்பாள். பிள்ளை இல்லாத அக்காவுக்கு அதுதான் பகல் முழுவதும். வியாபாரிகள் வந்துபோகும் இடம் என்பதால் நாங்கள் இருவரும் ஒரு மரத்தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்போம். அந்தப் பக்கத்தில் இரண்டு பெண்கள் இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது.

பிறகு உலகம் முழுவதும் விலைகள் சரிந்த வருஷங்கள் வந்தன. வாரா வாரம் எல்லாப் பண்டத்துக்கும் குறைத்துக் குறைத்துப் போடவேண்டியிருந்தது. ஒரு நாள் பூதப்பாண்டியிலிருந்து ஒரு வயல்காரர் வெயிலில் நடந்தே வந்தார். கையில் எங்கள் பத்திரிகை.

"ஐயா, அடுத்த வாரமாவது நெல்லுக்கு ஒரு சக்கரக் காசு கூட்டிப் போடப்பிடாதா? எனக்க மவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்" என்றார்.

அத்தான் அவரை உட்காரவைத்து, குடிக்க வெள்ளம் கொடுத்து, சந்தையில் போன விலையைத்தான் தான் போடுவதாக விளக்கிப் பார்த்தார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எழுந்து போகும்போது, "நீங்க நெனச்சா முடியும்" என்றார். தட்டிக்குப் பின்னால் அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தது ஓர்மை இருக்கிறது. ஜனங்கள் அத்தானை அவ்வளவு நம்பினார்கள். அது எங்களுக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். பயமாகத்தான் இருந்தது.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் மலைக்காய்ச்சல் இறங்கியது. தோவாளைப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் நடுங்கிக்கொண்டு கிடந்தார்கள். நெல் விலை கேட்க அந்தக் கிராமங்களுக்குப் போய்வந்த அத்தானும் படுத்தார். கொயினா மருந்து கொடுத்தோம். காது இரைகிறது என்றார். கொஞ்சம் தெளிந்து, மறுபடி விழுந்தார். கடைசிவரை அவருக்கு அக்காவை அடையாளம் தெரிந்தது. அது ஒன்றுதான் ஆறுதல்.

அடக்கம் முடிந்த வாரமே குடும்பத்து ஆட்கள் கூடினார்கள். திருவிதாங்கூரில் பத்திரிகை நடத்த சர்க்கார் லைசென்ஸ் வேண்டும். அத்தானோடு அதுவும் போயிற்று. "பொம்பளை பேர்ல கேட்டா ஆயிரம் கேள்வி கேப்பான். பிள்ளையும் இல்ல. தம்பி பேர்ல மாத்திருவோம்" என்றார் அத்தானின் மாமா. அச்சு இயந்திரம், எழுத்துகள், பத்திரிகையின் பெயர் எல்லாம் அத்தானுடைய தம்பி பேருக்கு எழுதப்பட்டன. நடத்துவது அக்கா என்பது வாய்ப்பேச்சு. அக்கா தலையசைத்தாள். பத்திரிகை அந்தச் சனிக்கிழமையும் வெளியே போகவேண்டும், அது மட்டும்தான் அவள் மனசில் இருந்தது.

தம்பி ஆரம்பத்தில் நல்லவனாகத்தான் இருந்தான். பிறகும் அவனைக் கெட்டவன் என்று சொல்ல என்னால் முடியவில்லை. மலையில் ரப்பர் எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்து, விலைச் சரிவில் எஸ்டேட் மூடியதால் வீட்டுக்கு வந்தவன். தட்டிக்கு இந்தப் பக்கம் வருவதானால் முதலில் இருமிவிட்டுத்தான் வருவான். அக்கா சொன்னதைச் செய்தான். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அவன் பெயர் வந்தது: அச்சிடுபவரும் வெளியிடுபவரும். கொஞ்ச நாளில் ஊர் அவனை "பத்திரிகை முதலாளி" என்று கூப்பிடத் தொடங்கியது. கூட்டங்களில் மாலை போட்டார்கள். மேடையில் நாற்காலி போட்டார்கள். எஸ்டேட்டில் துரை முன்னால் கைகட்டி நின்றவனுக்கு அந்த நாற்காலி பிடித்துப்போனது.

எங்கள் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த ஒருவர் மர வியாபாரத்தில் சம்பாதித்து ஒரு பேங்கு தொடங்கியிருந்தார். டைரக்டர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். கோவிலுக்குப் புது மணி வாங்கிக் கொடுத்தவர். கண்ணியமாகப் பேசுவார். மற்ற எந்த பேங்கும் கொடுக்காத வட்டி கொடுத்தார்.

ஒரு மத்தியானம் தம்பி எங்கள் இருவருக்கும் புதுச் சேலை வாங்கிக்கொண்டு வந்தான். அக்கா அச்சுப்பிழை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மைனி, ஒரு காரியம் உண்டு. பத்திரிகையை பேங்கு எடுத்துக்கிடுது."

"எடுத்துக்கிடுதுன்னா?"

"எழுதிக் குடுத்தாச்சு. நல்ல விலை. அதை அங்கயே டெபாசிட்டாப் போட்டிருக்கேன். ஒங்களுக்கும் மாசாமாசம் ஒரு தொகை வரும்."

"யாருக்க பத்திரிகையை யாரு எழுதிக் குடுத்தது?"

அவன் தரையைப் பார்த்தான். "எனக்க பேர்லதான மைனி இருக்கு."

அவன் பேசிக்கொண்டே போனான். கடைசிப் பக்கத்தில் தன் பெயர் அப்படியே இருக்கும், பத்திரிகை கைமாறியது வெளியே யாருக்கும் தெரியவேண்டாம் என்று டைரக்டர் சொல்லிவிட்டார், பழையபடியே எல்லாம் நடக்கும் என்றான்.

"பேங்கு வாங்கினது ஏன் ஊருக்குத் தெரியாண்டாம்?" என்று அக்கா கேட்டாள்.

"அண்ணனுக்க பத்திரிகைன்னாதான ஜனங்க நம்புவாங்க" என்றான் வெள்ளையாக. சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்தது போலிருந்தது.

அக்கா கையிலிருந்த தாளைக் கடைசி வரிவரை பார்த்து, ஒரு பிழையைத் திருத்தி, எழுந்தாள். அன்றைக்குப் பிறகு அவள் அந்த அறைக்கு வரவில்லை. நானும் வரமாட்டேன் என்றேன். "ஏட்டி, நீ போ. ரெண்டுபேரும் வீட்டுல இருந்தா கஞ்சிக்கு என்ன செய்ய?" என்றாள். பேங்கு தந்த மாசத் தொகையை அவள் வாங்கவில்லை. என் சம்பளத்தில்தான் வீடு நடந்தது.

புது மேனேஜர் வந்தார். தட்டியை எடுத்துவிட்டு எனக்கு நல்ல மேசை போட்டுக் கொடுத்தார். முதல் பக்கத்தில் பேங்கின் விளம்பரம் பெரிதாக வந்தது. விலைப் பட்டியல் உள்ளே போனது. நான் தமிழாக்கிக் கொடுப்பதை மேனேஜர் சிவப்பு மையால் பார்ப்பார். வடக்கே ஒரு ஊரில் ஒரு பேங்கு பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டதாக ஒரு தந்தி வந்தது. அதைக் கோடிட்டு அடித்துவிட்டார். அடுத்து இன்னொரு பேங்கு. அதையும் அடித்தார்.

"சார், இது வியாபாரப் பத்திரிகை. இதைப் போடாம எதைப் போட?" என்றேன்.

"வாசகர்கள் வீணாப் பயப்படுவாங்க அம்மா" என்றார் அன்பாக.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"விலைச் சேதி எதையாவது அடிக்கியானா?"

"இல்ல. பேங்கைப் பத்தி வாறதை மட்டும்."

முறத்தைக் கீழே வைத்தாள். "அப்ப அவனுகளுக்கு அங்கதான் நோவு" என்றாள்.

ஆனால் உடனே யாரிடமும் ஓடவில்லை. கோபத்தில் சொல்கிறேனோ என்று அவளுக்கே சந்தேகம் இருந்தது. அத்தானின் சிநேகிதரான ஒரு மிளகு வியாபாரியிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "தவணை முடிஞ்ச பணத்தைக் கேட்டுப் போனேன். சாயா வாங்கித் தந்தாங்க, மாலை போடாத குறையாப் பேசுனாங்க, பணம் மட்டும் தரல்ல. இன்னும் ஒரு வருஷம் கெடக்கட்டும்னு கையைப் புடிச்சுக்கிட்டாரு." அதற்குப் பிறகுதான் அக்கா பேசத் தொடங்கினாள்.

முதலில் லேஸ் பின்னும் பெண்களிடம் போனாள். எங்கள் ஊரில் அப்போது சபைப் பெண்கள் நிறையப் பேர் குனிந்து குனிந்து லேஸ் பின்னிக் காசு சேர்த்திருந்தார்கள். அதில் ஒருத்தி எங்கள் தெருக்காரி, அக்காவோடு ஒரே பெஞ்சில் படித்தவள், புருஷன் இல்லாதவள். மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்ததையெல்லாம் அந்த பேங்கில் போட்டிருந்தாள்.

"பணத்தை எடுத்துரு மக்கா" என்றாள் அக்கா.

"நல்ல பேங்குன்னு பத்திரிகையில போட்டிருக்கே. அண்ணனுக்க பத்திரிகையிலதான போட்டிருக்கு?"

"அது இப்ப அவருக்க பத்திரிகை இல்ல. பேங்குக்க பத்திரிகை."

"பின்ன கடைசிப் பக்கத்துல ஒனக்க கொழுந்தன் பேரு கெடக்கு?"

"பேரு மட்டுந்தான் கெடக்கு."

அவள் குழம்பிப்போய் போதகரிடம் கேட்கப் போனாள். போதகர் நல்ல மனிதர். தன் சொந்தச் சேமிப்பையும் அதே பேங்கில்தான் வைத்திருந்தார். பத்திரிகை கைவிட்டுப் போன கசப்பில் ஒரு விதவை பேசுகிறாள், அவளுக்காக ஜெபம் பண்ணுவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தெருக்காரி பணத்தை எடுக்கவில்லை. வேறு சிலர் எடுத்தார்கள். அதைப் பார்த்து இன்னும் சிலர் எடுத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அக்காவை சபைக் கமிட்டி கூப்பிட்டது. நானும் கூடப் போனேன். கோவிலை ஒட்டிய சின்ன அறை. மூப்பர்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். டைரக்டரும் கமிட்டியில் ஒருவர். அவர்தான் முதலில் பேசினார்.

"மகளே, ஒனக்கு என்ன குறை? என்கிட்ட நேரா வந்து கேட்டிருக்கலாமே."

"குறை ஒண்ணும் இல்ல. ஒரு கேள்வி உண்டு. மத்த பேங்கு மூடுன தந்தி வந்தா ஏன் பத்திரிகையில போடாம அடிச்சுவிடச் சொல்லுதிய?"

டைரக்டர் அக்காவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே என் வேலை போய்விட்டது என்று தெரிந்தது. மறுநாள் மேனேஜர் ஆள் அனுப்பி வரவேண்டாம் என்று சொன்னார்.

போதகர், "நீ சொல்லுகதுக்குச் சாட்சி உண்டா?" என்று கேட்டார். தந்திகளை நான் பார்த்தேன் என்றேன், கூடப்பிறந்தவள் சொல்வது சாட்சி ஆகாது என்றார்கள். மிளகு வியாபாரியின் பெயரை அக்கா சொல்லவில்லை. சொல்லவேண்டாம் என்று அவர் கெஞ்சிக் கேட்டிருந்தார். சாட்சி இல்லாமல் சகோதரன் மேல் பழி சொன்னதாகவும், மன்னிப்புக் கேட்கும்வரை அவளுக்கு அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து கிடையாது என்றும் முடிவாயிற்று. அக்கா வெளியே வந்து முற்றத்து மண்ணில் செருப்பைத் தேடினாள். பெண்கள் கூட்டமாக நின்று பார்த்தார்கள். ஒருத்தியும் கிட்டே வரவில்லை.

அவள் வாயை அடைப்பதற்காகக் கூட்டிய கூட்டமே ஊர்ச்சேதி ஆனது. ஒரு பொம்பளை சொன்னதற்கு இவ்வளவு பெரிய மனிதர்கள் ஏன் பதறுகிறார்கள் என்று சந்தையில் கேட்டார்கள். பேங்கின் வாசலில் ஆட்கள் சேர்ந்தார்கள். பத்திரிகை அந்த வாரம் முதல் பக்கம் முழுவதும் "வதந்தியை நம்பாதீர்" என்று போட்டது. அடியில் தம்பியின் பெயர். அடுத்த வாரத் தொடக்கத்தில் பேங்கின் கதவு திறக்கவில்லை. டைரக்டர் திருவனந்தபுரம் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

ஜனங்கள் பூட்டிய கதவை அடித்துப் பார்த்துவிட்டு அச்சகத்துக்கு வந்தார்கள். மேனேஜர் அதற்கு முன்பே போய்விட்டார். எழுத்துப் பெட்டிகளைத் தூக்கித் தெருவில் கொட்டினார்கள். உள்ளே இருந்த தம்பியை வேட்டியைப் பிடித்து இழுத்து வந்தார்கள். "நான் முதலாளி இல்ல, நான் முதலாளி இல்ல" என்று அவன் கத்தினானாம். ஒருவன் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தை அவன் முகத்துக்கு நேரே விரித்து, "இது யாருக்க பேரு லே?" என்று கேட்டு அடித்தான்.

சேதி கேட்டு அக்கா ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். நாங்கள் போனபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அவன் ஓடையோரம் உட்கார்ந்திருந்தான். காது கிழிந்திருந்தது. அக்கா முந்தானையால் அவன் தலையை மூடி வீட்டுக்குக் கூட்டி வந்து, வெந்நீர் வைத்துக் கழுவினாள். கஞ்சி கொடுத்தாள். அவன் குடிக்காமல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மைனி, பத்திரிகையை வித்த பணமும் அங்கதான் கெடந்தது. எல்லாம் போச்சு."

"குடி" என்றாள் அக்கா.

"ஒரு வார்த்தை ஏசுங்க மைனி."

"குடிடே" என்றாள் மறுபடியும்.

காயம் ஆறியதும் அவன் தூத்துக்குடி போய்க் கப்பலேறி இலங்கைக்குப் போனான். ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்குப் பார்ப்பதாக யாரோ சொன்னார்கள். அவன் எழுதவில்லை.

பேங்கு மூடிய அன்று சாயங்காலம் தெருக்காரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அழுது முடித்த முகம். எடுத்தவர்களெல்லாம் தப்பித்தார்கள், நீ சொன்னதைக் கேட்காமல் போனேனே என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் வாசலிலேயே நின்றாள்.

"நீ சும்மா இருந்திருந்தா பேங்கு நின்னிருக்கும். ஒனக்க நாக்குதான் எனக்க பிள்ளைக்க வாழ்க்கையைத் தின்னுது."

அதையே பிறகு ஊர் முழுவதும் சொன்னது. பணம் எடுத்துத் தப்பித்தவர்கள்கூட எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவர்கள் பணம் எடுத்ததால்தான் மற்றவர்களுக்கு இல்லாமல் போனது என்று பேச்சு இருந்ததால், அக்காவோடு நின்று பேசுவது அவர்களுக்கு ஆபத்தாக இருந்தது.

கணக்கை முடிக்க சர்க்கார் ஒரு அதிகாரியை நியமித்தது. அச்சகத்தில் வேலை பார்த்தவள் என்று என்னையும் விசாரித்தார். விசாரணை முடிந்ததும் நான் அவரிடம் கேட்டேன்: "சார், அக்கா சொன்னதால விழுந்துதா, விழப்போறது தெரிஞ்சு அக்கா சொன்னாளா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உள்ளே ஒன்றும் இல்லை அம்மா. மரத்திலும் மலை எஸ்டேட்டிலும் போட்டு எப்போதோ போயிற்று. விழுந்துதான் இருக்கும். ஆனால் இவ்வளவு சீக்கிரம் விழுந்திருக்காது. இன்னும் ஒரு வருஷம் ஓடியிருந்தால் யார் தப்பித்திருப்பார்கள், யார் புதிதாக மாட்டியிருப்பார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது."

இதை அக்காவிடம் சொன்னேன். அவள் நன்றாக யோசித்துவிட்டு, "எனக்கும் தெரியாது" என்றாள். ராத்திரிகளில் அவள் தூங்காமல் கிடந்தது இதற்காகத்தான் என்று அப்போது புரிந்தது.

அச்சு இயந்திரத்தை ஏலத்தில் ஒருவர் எடுத்தார். சில வருஷம் கழித்து வேறு ஊரில் அதே பெயரில் பத்திரிகை மறுபடியும் வந்தது. முதல் இதழை யாரோ கொண்டுவந்து காட்டினார்கள். "நமது பத்திரிகையின் வரலாறு" என்று ஒரு பத்தி. தொடங்கியவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்று ஒரு வரி. பிறகு இன்னார் கைக்கு வந்தது, இன்னார் வாங்கினார், இப்போது இன்னாரின் உடைமை. அக்கா அதை முழுவதும் படித்து, மடித்து, கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்தாள். விலைப் பட்டியலில் கண்டிக் கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு ஒரு சர்க்கார் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. திருவிருந்துக்கு வரலாம் என்று போதகர் பின்னால் வீட்டுக்கே வந்து சொன்னார். அவரும் பணத்தை இழந்து மெலிந்திருந்தார். அக்கா அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். கோவிலுக்குப் போகவில்லை.

தெருக்காரி மகளுக்குக் கல்யாணம் நடக்கவில்லை. அந்தப் பெண் மலையில் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு ஆயா வேலைக்குப் போனாள். தெருக்காரி தனியாக இருந்தாள். லேஸ் பின்னிப் பின்னிக் கண்ணும் மங்கிவிட்டது. தெருவுக்கு ஒரே கிணறு. காலையில் அவளும் அக்காவும் எதிரெதிரே நின்று வாளி போட்டு வெள்ளம் கோருவார்கள். ஒரு வார்த்தை கிடையாது. ஒரு மழைக்காலத்தில் அவள் கிணற்றடிக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். அக்கா ஒரு குடம் வெள்ளத்தைக் கொண்டுபோய் அவள் வாசலில் வைத்தாள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, குடத்தை முற்றத்தில் கவிழ்த்துவிட்டு, வெறும் குடத்தை வெளியே வைத்தாள். அக்கா அதை எடுத்துக்கொண்டு வந்தாள். மறுநாளும் கொண்டுபோனாள். அன்றும் கவிழ்த்தாள். அதற்கு மறுநாள் நானும் கூடப் போனேன். அவள் பாயிலிருந்து எழவில்லை. எழ முடியவில்லையோ என்னவோ. உள்ளேயிருந்து, "வச்சிட்டுப் போ. என்கிட்ட பேசாண்டாம்" என்று மட்டும் சத்தம் வந்தது. அக்கா குடத்தை நிழலில் தள்ளி வைத்தாள். நாங்கள் வந்துவிட்டோம்.